வெப்பநிலை சென்சார் தப்பாகக் காட்டுகிறதா? எண்ணைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

சென்சார் தப்பான எண் காட்டினால் கை முதலில் போவது புதிய சென்சார் பக்கம்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். 30 டிகிரி அறையை 32 என்று காட்டிய ஓர் எல்எம்35-ஐக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்று மாட்டினேன். அதுவும் 32. மூன்றாவதும் அதே. மூன்று சென்சாரும் ஒரே பக்கம், ஒரே அளவுக்குக் கெட்டுப்போக வாய்ப்பே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், 5 வோல்ட் இருக்கும் என்று நான் நம்பிய இடத்தில் 4.7 தான் இருந்தது. பழுது சார்ஜரில், பழி சென்சார் மேல்.

அதற்கப்புறம் சென்சாரைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுகிறேன். தப்பான எண்ணும் ஒரு தகவல்தான். எந்த எண் வருகிறது, எப்போது வருகிறது, கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தால் பாதிப் பழுது தானாகவே தெரிந்துவிடும். அதனால்தான் இதைச் சென்சார் வகைவாரியாக எழுதாமல், கண்ணில் படும் கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். பனிக்கட்டிப் பகுதியை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

## முதலில் பனிக்கட்டித் தண்ணீர்

தப்பு என்று சொல்ல, சரியான எண் எது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு சென்சாரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் தீராது. இரண்டும் வேறு வேறு எண் காட்டினால் எதை நம்புவது?

பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி பிளாஸ்க் நிறையப் போடுங்கள். இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, கலக்கி, சென்சாரை நடுவில் இறக்குங்கள். அந்தக் குழம்பு 0 டிகிரியில் நிற்கும். ஒரு தம்ளர் தண்ணீரில் நாலு கட்டி மிதந்தால் அது வேலைக்கு ஆகாது. தண்ணீரின் அடர்த்தி மிக அதிகமாக இருப்பது 4 டிகிரியில். அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிடும். சென்சார் அடியைத் தொட்டுக்கொண்டு 3, 4 என்று காட்டினால் அது உண்மையைத்தான் சொல்கிறது. உறை இல்லாத சென்சார் என்றால் மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி, காற்றை வெளியேற்றிவிட்டு இறக்குங்கள்.

இரண்டாவது புள்ளி கொதிநீர். அது 100 டிகிரி என்பது கடல் மட்டத்தில்தான். ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் கூடினால் 1 டிகிரி குறையும். கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்திலும் எவ்வளவு தப்புகிறது என்று எழுதி வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு தப்பினால் ஒரு கதை. பனிக்கட்டியில் சரியாக இருந்து கொதிநீரில் தப்பினால் அது முற்றிலும் வேறு கதை.

## நம்ப முடியாத ஓர் எண் அப்படியே நிற்கிறது

இதில்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். எனக்கு இதுதான் சுலபமான கோளாறு, ஏனென்றால் எண்ணே பழுதின் பெயரைச் சொல்லிவிடும்.

85 டிகிரி. டிஎஸ்18பி20 சென்சாரின் பழக்கம் இது. மின்சாரம் வந்ததும் அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க எண் 85. அளந்து முடிக்கும் முன்பே நீங்கள் கேட்டால் அந்த எண்ணைத்தான் கொடுக்கும். 12 பிட் துல்லியத்தில் அளக்க அதற்கு 750 மில்லிவினாடி வரை வேண்டும். நிரலில் அளக்கச் சொல்லும் வரிக்கும் வாங்கும் வரிக்கும் நடுவே அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் 85 வந்தால், அளக்கும் நடுவில் சென்சார் ஒரு கணம் அணைந்து மீண்டும் எழுகிறது என்று பொருள். இரண்டே வயரில், டேட்டா வயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும்படி இணைத்திருந்தால் இது அடிக்கடி நடக்கும். காரணம் எளிய கணக்கு: அளக்கும்போது சென்சார் 1.5 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அது டேட்டா வயரை 5 வோல்ட்டோடு இணைக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் வழியாக வர வேண்டும் என்றால் அங்கேயே 7 வோல்ட் விழ வேண்டும். நம்மிடம் இருப்பதே 5. அளக்கும் நேரத்தில் மட்டும் டேட்டா வயரை நேரடியாக 5 வோல்ட்டோடு இணைக்க ஒரு டிரான்சிஸ்டர் போடலாம். மூன்றாவது வயர் இழுப்பது அதைவிடச் சுலபம். என்னைக் கேட்டால் இரண்டு வயர் முறையைத் தொடவே வேண்டாம்.

−127 டிகிரி. இது சென்சார் சொன்ன எண்ணே இல்லை. பரவலாகப் பயன்படும் ஆர்டுயினோ லைப்ரரி, சென்சாரிடமிருந்து சரியான பதில் வராதபோது இந்த எண்ணைத் தருகிறது. புல்-அப் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கும், அல்லது வயர் விட்டிருக்கும், அல்லது பின் மாறியிருக்கும். எப்போதாவது ஒரு முறை மட்டும் −127 வந்து போனால் நீளமான வயரைச் சந்தேகப்படுங்கள். ஒரே வயரில் வரிசையாகச் சென்சார்களைத் தொங்கவிட்டால் நன்றாக ஓடும். ஒரு மையத்திலிருந்து நாலு பக்கமும் வயர் பிரிந்தால், ஒவ்வொரு கிளையின் நுனியிலிருந்தும் சிக்னல் திரும்பி எதிரொலித்துக் குழப்பும். வயரை மாற்றிப் போட முடியாவிட்டால் புல்-அப்பை 2.2 கிலோ ஓமாகக் குறைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

0 மட்டுமே. இது கொஞ்சம் கள்ளத்தனமானது. வந்த எல்லா பிட்டும் 0 என்றால், பிழை சோதிக்கும் சிஆர்சி எண்ணும் 0 ஆகவே கணக்காகும், அதனால் சோதனை "சரி" என்று விட்டுவிடும். பனிக்கட்டி பக்கத்தில் கூட இல்லாதபோது 0.00 என்று அழகாக வந்தால், டேட்டா வயர் கிரவுண்டில் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

−242 டிகிரி. பிடி100 என்ற பிளாட்டினத் தடைச் சென்சாரை, அதைப் படிக்கும் மேக்ஸ்31865 போர்டோடு இணைத்தவர்களுக்கு இந்த எண் பழக்கமாக இருக்கும். பொதுவாக, போர்டிலிருந்து வெறும் 0 வந்தால் கணக்கு இங்கே போய் நிற்கும். சென்சாரை விட்டுவிட்டு, போர்டுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் உள்ள வயர்களைப் பாருங்கள். போர்டில் இரண்டு வயர், மூன்று வயர், நான்கு வயர் என்று தேர்ந்தெடுக்கும் ஜம்பர்கள் உண்டு. அவற்றில் சால்டர் வைக்க மறப்பதும் பரவலான தப்புதான்.

பழைய எண்ணிலேயே உறைந்து நிற்கிறது. மேக்ஸ்6675 போர்டில் இப்படி நடந்தால் நீங்கள் அதை அதிகம் தொந்தரவு செய்கிறீர்கள். ஓர் அளவை முடிக்க அதற்கு 0.22 வினாடி வரை ஆகும். அதற்குள் மீண்டும் கேட்டால் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடும், முதலிலிருந்து தொடங்கும். கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருபோதும் முடிக்காது. டிஎச்டி22 சென்சாரும் இரண்டு வினாடிக்கு ஒரு முறைதான் புதிய எண் தரும்.

## எண் ஒரு நிலையில் நிற்காமல் துள்ளுகிறது

துள்ளலில் இரண்டு வகை. எழுதி வைத்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

24.90, 25.39, 24.90, 25.39 என்று இரண்டு குறிப்பிட்ட எண்களுக்கு நடுவே மட்டும் தாவினால் அது மின் இரைச்சலே இல்லை. எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிக்கும் 10 பிட் ஏடிசியில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) ஒரு படி 4.88 மில்லிவோல்ட், அதாவது ஏறத்தாழ அரை டிகிரி. நடுவில் உள்ள வெப்பநிலையைக் காட்ட அதனிடம் எண்ணே இல்லை. ஏடிசி ஒப்பிடும் உச்ச மின்னழுத்தமான ரெஃபரன்ஸை 1.1 வோல்ட்டாக மாற்றினால் ஒரு படி 0.1 டிகிரிப் பக்கம் வந்துவிடும். ஆனால் அப்போது 110 டிகிரிக்கு மேல் அளக்க முடியாது. பெரும்பாலான வேலைக்கு அது போதும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் 25, 31, 22 என்று பாய்ந்தால் அது மின் இரைச்சல். ரிலே விழும்போதா, மோட்டார் ஓடும்போதா என்று கவனியுங்கள். அவற்றை அணைத்ததும் எண் அடங்கினால், பழுது சென்சார் வயர் போகும் பாதையில் இருக்கிறது. மின் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து வேறு வழியில் கொண்டுபோங்கள். முறுக்கிய ஜோடி வயர் போடுங்கள். ஷீல்டு இருந்தால் ஒரு முனையை மட்டும் கிரவுண்டில் இணையுங்கள். ஏடிசி பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. இதெல்லாம் செய்த பிறகுதான் நிரலில் சராசரி எடுக்கும் வேலை. மின் இணைப்பின் ரீங்காரம் தெரிந்தால் சராசரி எடுக்கும் நேரத்தை 100 மில்லிவினாடியாக வையுங்கள். அதில் 50 ஹெர்ட்ஸின் 5 சுற்றும் 60 ஹெர்ட்ஸின் 6 சுற்றும் முழுசாக அடங்குவதால் இரண்டும் கழிந்துவிடும்.

எல்எம்35-க்கு மட்டும் ஒரு தனிக் கிறுக்கு உண்டு. மேசையில் ஒழுங்காக இருக்கும். மூன்று மீட்டர் வயரில் போட்டதும் தாறுமாறாகக் காட்டும். நீள வயர் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்கிறது. எல்எம்35 தாங்குவது 50 பிக்கோஃபாரட் அளவுக்குத்தான். மீறினால் அதன் வெளியீடு அலைபாயத் தொடங்கும். சென்சாரின் காலடியிலேயே வெளியீட்டு வயரோடு தொடராக ஒரு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் அடங்கும். அல்லது 75 ஓம் ரெசிஸ்டரையும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராக்கி, வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போடலாம். முதலில் சொன்ன 100 நானோஃபாரட்டை ரெசிஸ்டர் இல்லாமல் எல்எம்35-இன் காலில் நேராக மாட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சூட்டில் தடை குறையும் தெர்மிஸ்டர்கள் பலவற்றை ஒரே கன்ட்ரோலரில் போட்டு, ஒன்றைச் சூடாக்கினால் பக்கத்துச் சேனலும் லேசாக அசைகிறதா? 100 கிலோ ஓம் மாதிரிப் பெரிய தெர்மிஸ்டர்களில் இது வரும். ஏடிசியின் உள் கெப்பாசிட்டர் புதிய அளவுக்கு வந்து சேர நேரம் போதவில்லை. சேனல் மாற்றியதும் எடுக்கும் முதல் அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள்.

## எப்போதும் ஓரிரு டிகிரி கூடவே, அல்லது குறைவாகவே

முதலில் இது தப்புதானா என்று பாருங்கள். டிஎஸ்18பி20 திரையில் 25.0625 என்று நாலு தசமம் காட்டும். ஆனால் அதன் உத்தரவாதம் −10 முதல் 85 டிகிரி வரை ±0.5 மட்டுமே. ஒன்று 24.6-ம் இன்னொன்று 25.4-ம் காட்டினால் இரண்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகின்றன. டிஎச்டி11 என்றால் ±2 டிகிரி. அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் வருகிறது என்பதை வைத்துத் துல்லியத்தை எடைபோடுவதுதான் இந்தத் துறையில் நான் பார்த்த மிகப் பழைய ஏமாளித்தனம்.

பனிக்கட்டியில் சரி, காற்றில் மட்டும் கூடுதல் என்றால் சென்சார் தன் வீட்டுச் சூட்டையே அளக்கிறது. கன்ட்ரோலர், வோல்டேஜ் ரெகுலேட்டர், வைஃபை சிப் எல்லாம் இருக்கும் அதே போர்டில் சென்சாரும் இருந்தால், அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுவது இயல்பு. பிஎம்இ280 சென்சாரை மூடிய பெட்டியில் வைத்துவிட்டு அறை சூடாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது: வயரில் கோத்து வெளியே தொங்கவிடுங்கள், பெட்டியின் மேலே அல்ல, கீழே. சூடு மேலேதானே ஏறும். பிறகு, இடைவிடாமல் அளக்கச் சொல்லாமல் நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பி அளந்துவிட்டுத் தூங்கவிடுங்கள்.

தெர்மிஸ்டர் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்வதும் உண்டு. 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 5 வோல்ட்டில் இருந்தால் தெர்மிஸ்டரில் 0.6 மில்லிவாட் எரிகிறது. காற்றில் இருக்கும் ஒரு சின்ன மணித் தெர்மிஸ்டருக்கு அது கிட்டத்தட்ட 0.3 டிகிரி. தண்ணீரில் இது தெரியவே தெரியாது. அளக்கும்போது மட்டும் ஒரு பின்னிலிருந்து மின்சாரம் கொடுத்தால் பிரச்சினை முடிந்தது.

பிடி100 எப்போதும் கூடுதலாகக் காட்டினால் வயரையும் திருகுகளையும் பாருங்கள். அது 0 டிகிரியில் 100 ஓம், ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் கூடும். வயரிலோ லூஸ் கான்டாக்ட்டிலோ 1 ஓம் ஒளிந்திருந்தால் 2.6 டிகிரி கூடிவிடும். அதற்காகத்தான் மூன்று வயர் முறை: மூன்றாவது வயரை வைத்துக் கருவி வயரின் தடையைக் கழித்துவிடும். மல்டிமீட்டரில் சோதிப்பது சுலபம். ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயருக்கு நடுவே ஏறத்தாழ 0. அவற்றில் ஒன்றுக்கும் வேறு நிற வயருக்கும் நடுவே, 30 டிகிரி அறையில் 111.7 ஓம் சுற்றி இருக்க வேண்டும். இருந்தால் சென்சார் நலம், இணைத்தவர்தான் வயர்களை மாற்றிப் போட்டிருக்கிறார். நீளமாக இழுக்க வேண்டும், இரண்டே வயர்தான் உண்டு என்றால் பிடி1000 எடுங்கள். அதே 1 ஓம் அங்கே 0.26 டிகிரிதான்.

அப்புறம் என் பழைய கதை. எல்எம்35 தருவது நிஜ மில்லிவோல்ட். ஏடிசி அதைத் தன் ரெஃபரன்ஸோடு ஒப்பிடுகிறது. ரெஃபரன்ஸ் 4.7 வோல்ட்டாக இறங்கியும் நிரல் 5 என்றே நினைத்தால் எல்லா எண்ணும் 6 சதவீதம் கூடும். தெர்மிஸ்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதுவும் ரெசிஸ்டரும் சேர்ந்த ஜோடிக்கும் ஏடிசிக்கும் ஒரே மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கி, தப்பு அடிபட்டுவிடும்.

## அறையில் சரி, சூடாகச் சூடாகத் தப்பு கூடுகிறது

சென்சாருக்கும் நிரலுக்கும் மொழி ஒத்துப்போகவில்லை.

தெர்மிஸ்டரில் இது பீட்டா எண், அதாவது சூடாகும்போது தடை எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதைச் சொல்லும் எண். 10 கிலோ ஓம் என்று எழுதியவை எல்லாம் 25 டிகிரியில் ஒன்றுபோல் இருக்கும், அதற்கு அப்பால் ஆளுக்கொரு வழி. பீட்டா 3950 உள்ள தெர்மிஸ்டரை மாட்டிவிட்டு நிரலில் 3435 என்று எழுதியிருந்தால், 25-ல் அச்சு அசலாக இருக்கும். 60 டிகிரியில் 66 என்று காட்டும். பீட்டா தெரியாத தெர்மிஸ்டர் கையில் இருந்தால், பனிக்கட்டியில், அறையில், சூடான தண்ணீரில் என்று மூன்று இடத்தில் ஓம் அளந்து, தடையை வெப்பநிலையாக மாற்றும் ஸ்டெய்ன்ஹார்ட்-ஹார்ட் சமன்பாட்டில் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. அதன் பிறகு அந்தத் தெர்மிஸ்டர் விலை உயர்ந்தவற்றோடு போட்டி போடும்.

இரண்டு வேறு உலோக வயர்களை நுனியில் இணைத்த தெர்மோகப்பிளில் இது வகை எழுத்து. கே வகைக்கு அமைத்த கருவியில் ஜே வகையை மாட்டினால் அறையில் எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் அப்போது அது காட்டுவது கருவியின் சொந்த வெப்பநிலையைத்தான். 200 டிகிரிக்குப் போனதும் 258 சுற்றிக் காட்டும். இரண்டையும் பிரித்தறிய காந்தம் ஒன்று போதும். ஜே வகையின் நேர்முனை வயர் இரும்பு. காந்தம் பலமாக இழுக்கும். கே வகையில் லேசாக ஒட்டுவது எதிர்முனை வயர்.

தெர்மோகப்பிள் வயர் நீளம் போதவில்லை என்று யாராவது சாதாரணச் செம்பு வயரை ஒட்டவைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒட்டிய இடம் அடுப்பின் பக்கத்தில் சூடாக இருந்தால், அந்த இடத்துக்கும் கருவிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் முழுவதும் கணக்கில் தொலைந்துவிடும். தெர்மோகப்பிளில் மின்னழுத்தம் நுனியில் பிறக்கிறது என்பது பரவலான தவறான எண்ணம். வயரின் நீளத்தில் எங்கெல்லாம் வெப்பம் மாறுகிறதோ அங்கெல்லாம் பிறக்கிறது. இந்த விளைவை 1821-ல் கண்ட சீபெக்கே, திசைகாட்டி முள் அசைந்ததைப் பார்த்து இது காந்த விளைவு என்று நினைத்தார். நாம் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

## சூடாக்கினால் எண் இறங்குகிறது

தெர்மிஸ்டர் என்றால் மேலே (5 வோல்ட் பக்கம்) இருக்க வேண்டிய ரெசிஸ்டர் கீழே (கிரவுண்ட் பக்கம்) போயிருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றுங்கள், அல்லது நிரலில் சூத்திரத்தைத் திருப்புங்கள்.

தெர்மோகப்பிள் என்றால் முனை மாறியிருக்கிறது. நிறத்தைப் பார்த்து இணைத்தேன் என்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அமெரிக்க முறையில் சிவப்பு எதிர்முனை. கே வகைக்கு மஞ்சள் நேர்முனை. சர்வதேச ஐஇசி முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். சிவப்பு என்றால் நேர்முனை என்று பழகிய கை தானாகவே தப்பு செய்யும். இதைவிட மோசம், நீட்டிப்பு வயரை இரண்டு முனையிலும் மாற்றிப் போடுவது. அப்போது எண் ஒழுங்காக ஏறும் இறங்கும், ஆனால் தப்பாக இருக்கும். இணைப்புப் பெட்டிக்கும் கருவிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப்போல் இரண்டு மடங்கு தப்பு. மதியம் ஒரு தப்பு, இரவில் ஒரு தப்பு என்று ஆளைச் சுற்றவிடும்.

## எவ்வளவு சூடாக்கினாலும் அறை வெப்பத்தையே காட்டுகிறது

தெர்மோகப்பிளில் இது ஷார்ட். இரண்டு வயரும் நடுவில் எங்காவது தொட்டுக்கொண்டால், கருவிக்கு அந்த இடம்தான் நுனி. அது அறையில் இருந்தால் அறை வெப்பம் வரும். சென்சாரைக் கழற்றிவிட்டு, கருவியின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்துப் பாருங்கள். அறை வெப்பம் வந்தால் கருவி நலம். பிறகு தெர்மோகப்பிளை மட்டும் கொதிநீரில் வைத்து மில்லிவோல்ட் அளங்கள். மீட்டர் 25 டிகிரி அறையில் இருந்தால் கே வகை 3.1 மில்லிவோல்ட் தர வேண்டும்.

தொடாமல் அளக்கும் அகச்சிவப்புச் சென்சாரில் இதே கோளாறு வந்தால் காரணம் பளபளப்பு. மெருகேறிய அலுமினியம் தன் வெப்பத்தை வெளியிடாமல் சுற்றியிருப்பதைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதைக் குறிபாருங்கள்.

## சரியான எண் வருகிறது, ஆனால் மிகத் தாமதமாக

சென்சாரின் நேர மாறிலி என்பது, மாற்றத்தில் 63 சதவீதத்தை எட்ட ஆகும் நேரம். முழுசாக எட்ட அதைப்போல் ஐந்து மடங்கு பொறுக்க வேண்டும். இரும்புக் குழாய்க்குள் இருக்கும் சென்சாரை உறைக்குள் இறக்கும்போது நடுவில் காற்று இருந்தால், அதுவே நல்ல போர்வை. கொஞ்சம் தெர்மல் பேஸ்ட் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். குழாய் மேலோட்டமாக மட்டும் அமிழ்ந்திருந்தால், தாமதம் மட்டுமல்ல, எண்ணே தப்பும். உலோகக் குழாய் வழியாக வெளிச்சூடு உள்ளே வரும். குழாயின் விட்டத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஆழம் போக வேண்டும்.

## நனைந்த பிறகு கெட்டது

"நீர் புகாது" என்று விற்கும் எஃகுக் குழாய்களில் பலவற்றில் நீர் புகும். எந்தப் பக்கம் தப்புகிறது என்பதை வைத்தே இதை உறுதி செய்யலாம். ஈரம், சென்சாருக்குப் பக்கத்தில் இன்னொரு தடையைச் சேர்ப்பது மாதிரி. மொத்தத் தடை குறையும். தெர்மிஸ்டரில் தடை குறைந்தால் சூடு கூடியதாகப் பொருள். பிடி100-ல் தடை குறைந்தால் குளிர்ந்ததாகப் பொருள். தெர்மிஸ்டர் குளிரில்தான் அதிகம் தப்பும், ஏனென்றால் அப்போது அதன் தடை பெரிது, சின்னக் கசிவும் பங்கு கேட்கும். பிடி100-இன் தடை சிறியது என்பதால் பெரிய கசிவுதான் அதை அசைக்கும். நனைந்ததைக் காயவைத்துச் சிலிக்கோன் பூசலாம். நான் செய்திருக்கிறேன், மறுபடியும் கெட்டது.

## மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

இவ்வளவும் பார்த்துச் சென்சார்தான் போய்விட்டது என்றால், அடுத்ததை எடுக்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி துல்லியம் பற்றியதல்ல: இது கெட்டுப்போகும்போது என்ன எண் காட்டும்?

ஒரு பெட்டியைச் சூடாக வைக்க, டிஎஸ்18பி20-ம் ஒரு ரிலேயும் போட்டிருந்தேன். 37-க்குக் கீழே போனால் ஹீட்டர் எரிய வேண்டும், அவ்வளவுதான் நிரல். ஒரு நாள் வயர் விட்டுப்போனது, எண் −127 ஆனது. நிரலுக்கு அது கடும் குளிர். ஹீட்டர் அணையவே இல்லை. பிளாஸ்டிக் மூடி குழைந்து கிடந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

தெர்மிஸ்டரின் வயர் விட்டால் தடை எல்லையில்லாமல் போகும். அதுவும் கடும் குளிர், ஹீட்டர் எரியும். பிடி100-இன் வயர் விட்டால் கடும் சூடு, ஹீட்டர் அணையும். தெர்மோகப்பிள் விட்டதை நல்ல கருவிகள் கண்டுபிடித்துவிடும், ஆனால் ஷார்ட் ஆனால் சத்தமில்லாமல் அறை வெப்பத்தைக் காட்டிக்கொண்டே ஹீட்டரை எரியவிடும். அதனால் எதை எடுத்தாலும், நம்ப முடியாத எண் வந்தால் அணைக்கவும், முழு வேகத்தில் எரிந்தும் சில நிமிடத்தில் எண் ஏறவில்லை என்றால் அணைக்கவும் நிரலில் இரண்டு வரி இருக்கட்டும். நிரலை நம்பாத ஒரு தெர்மல் ஃபியூஸும் ஹீட்டரோடு தொடராக இருக்கட்டும்.

சரி, தேர்வு. ஒரே வயரில் பல இடம், 100 டிகிரிக்குள், வேகம் முக்கியமில்லை என்றால் டிஎஸ்18பி20. சின்ன எல்லைக்குள் வேகமும் நுணுக்கமும் வேண்டும் என்றால் தெர்மிஸ்டர், கொஞ்சம் கணக்கு போடத் தயாராக இருந்தால். பல வருடம் மாறாமல் நம்பத்தக்க எண் வேண்டும், சில நூறு டிகிரி வரை போகும் என்றால் பிடி100, மூன்று வயரோடு. அதற்கு மேல் என்றால் கே வகை, அதற்கே ±1.5 டிகிரிக்குக் குறையாத தப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு. காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்து வேண்டும் என்றால் எஸ்எச்டி31. டிஎச்டி11-ஐ விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்எம்35-ஐ 3.3 வோல்ட் போர்டில் போடாதீர்கள், அதற்குக் குறைந்தது 4 வோல்ட் வேண்டும். அந்த இடத்தில் டிஎம்பி36 வேலை செய்யும், ஆனால் அது 25 டிகிரியில் 250 அல்ல, 750 மில்லிவோல்ட் தரும்; நிரலில் 500-ஐக் கழிக்காமல் விட்டால் 75 டிகிரி என்று காட்டிப் பயமுறுத்தும்.

புதியதை மாட்டும் முன் பனிக்கட்டித் தண்ணீரில் ஒரு முறை இறக்கி, வந்த எண்ணையும் தேதியையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி அதன் வயரிலேயே சுற்றிவிடுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட ஓர் எண் இருக்கும்.